மூன்றாவது துண்டு

“இது என்ன டைனோசர்?” என்று கேட்காமல் என் மேசையைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நின்று நிதானமாக விளக்குவேன். இப்போதெல்லாம் “அதற்கும் முந்தியது” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

புதைபடிவங்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுப்பது என் வேலை. ஏர் ஸ்கிரைப் என்று ஒரு கருவி. பேனா அளவுதான் இருக்கும். அழுத்தக் காற்றில் அதன் ஊசி முனை அதிர்ந்து கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தாலும், நல்ல கடினக் கல்லாக இருந்தால் கட்டைவிரல் நகம் அளவு இடம் சுத்தமாகும். அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, தென்னாப்பிரிக்காவின் காரூ பகுதிப் பாறை அடுக்குகளிலிருந்து வந்த ஒரு கோர்கோனாப்சியன் மண்டை ஓடு. பெர்மியன் காலத்தின் பிற்பகுதியில் இவைதான் நிலத்தின் பெரிய வேட்டையாடிகள். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவோடு இந்தக் கூட்டமே முடிந்துபோனது. முதல் டைனோசர்கள் தலைகாட்டியது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்துத்தான். இவை பாலூட்டிகளின் நேர் மூதாதையர் அல்ல. பக்கத்துக் கிளை, ஒன்றுவிட்ட பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். முதுகில் பாய்மரம் போல விரிந்த டைமெட்ரோடானும், பாலூட்டிகளான நாமும்கூட இதே பெரிய குடும்பம்தான். பொம்மைக் கடைக்காரர்கள் இன்னும் அதை டைனோசர் பெட்டிக்குள்தான் போடுகிறார்கள். எனக்கு அதில் தீராத எரிச்சல்.

குடும்ப அடையாளம் எங்கே என்று கேட்டால், கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு துளை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பொட்டில் விரலை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள், ஒரு தசை புடைக்கும். அது தங்கியிருக்கும் பள்ளம் அந்தத் துளையின் வழிவந்ததுதான்.

அந்த மண்டை ஓட்டில் என்னை அதிகம் படுத்தியது தாடை மூட்டு. நம் தாடை மூட்டு வேறு. இதற்கு இன்னும் பழைய முறைப்படி ஆர்டிகுலர், குவாட்ரேட் என்ற இரண்டு எலும்புகள்தான் சந்திக்கின்றன. பாலூட்டிகளில் அதே இரண்டும் சிறுத்து, நடுச்செவிக்குள் போய், சுத்தி எலும்பும் பட்டை எலும்புமாகிவிட்டன. ஏர் ஸ்கிரைப் போடும் இரைச்சலில் காது போய்விடக் கூடாது என்று பெரிய காதுறை மாட்டிக்கொண்டு, மூன்று வாரம் அந்த மூட்டைத் துலக்கினேன். எதைக் காப்பாற்ற எதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது இரண்டாவது வாரம்தான் உறைத்தது. தனியாகச் சிரித்தேன்.

சரி, தவறுக்கு வருகிறேன்.

கோரைப்பல் அழகாக வந்திருந்தது. பின் விளிம்பில் ரம்பம் போல நுண்ணிய பற்கள், சதையைக் கிழிப்பதற்கு. அதன் பக்கத்தில் ஒரு குழி, உள்ளே சாம்பல் நிறத்தில் என்னவோ அடைத்திருந்தது. குழி சுத்தமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஊசியை உள்ளே விட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் முதல் நாளே சொன்னது: “சத்தம் மாறினா உடனே கையை எடு.” சத்தம் மாறியது. கையை எடுக்க அரை நொடி தாமதம். காதுறை மாட்டியிருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் மாற்றம் விரலுக்கும் தெரிந்தது.

பளபளவென்று எதுவோ தெறித்தது. பல்மிளிரி, அதாவது பல்லின் எனாமல்.

கோர்கோனாப்சியனுக்குப் பால்பல், நிலைப்பல் என்ற இரண்டு சுற்றுக் கணக்கு கிடையாது. பல் மாறிக்கொண்டே இருக்கும். கோரைப்பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு குழிகள். ஒன்றில் இருக்கும் பல் வேலை செய்யும்போது மற்றதில் அடுத்தது வளரும். நான் கல் என்று நினைத்துக் குடைந்தது, முளைத்துக்கொண்டிருந்த அந்த அடுத்த பல்லின் நுனி. மூன்று துண்டுகளாக உடைந்தது. இரண்டைக் கண்டெடுத்துப் பாரலாய்ட் பிசினால் ஒட்டினேன்.

மூத்தவர் திட்டவில்லை. பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “எழுது” என்றார். நாசூக்காக ‘நுனி சேதமடைந்த நிலையில்’ என்று தொடங்கினேன். வாங்கிப் பார்த்து அடித்துவிட்டு, “யார் சேதப்படுத்தினது? இதை அளக்கப்போறவன், விலங்கு உயிரோட இருந்தப்பவே உடைஞ்சதுனு நினைச்சுக்குவான்” என்றார். ஆக, என் பெயர், தேதி, கருவி எல்லாம் எழுதினேன். பழைய மண்டை ஓடுகள் சிலவற்றில், அந்தக் காலத்தவர்கள் பள்ளங்களைச் சுண்ணச்சாந்தால் நிரப்பி எலும்பின் நிறத்தில் வண்ணமும் பூசிவிட்டுப் போயிருப்பதைப் பின்னாளில் பார்த்தேன். எது எலும்பு, எது சாந்து என்று பிரிப்பதே தனி வேலை. அப்போது அவர் பேனாவால் அடித்த அந்த அடி புரிந்தது.

அப்புறம் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் குழிக்குள் அந்தப் பல் முழுசாகத் தெரிந்தது, என் கை பட்ட நுனியைத் தவிர.

2024இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலிருந்து ஒரு கோர்கோனாப்சியன் அறிவிக்கப்பட்டது. 27 முதல் 28 கோடி ஆண்டுப் பழமை; இதுவரை கிடைத்தவற்றில் இதுவே மிகப் பழையதாக இருக்கலாம் என்கிறார்கள். முழு எலும்புக்கூடு ஒன்றும் இல்லை. தாடைத் துண்டுகள், பற்கள், முதுகெலும்புகள், கால் எலும்புகள், அவ்வளவுதான். செய்தியைப் படித்தபோது அந்த விலங்கைவிட, அந்தத் துண்டுகளைச் சுத்தம் செய்த கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைய கல்தூளை ஒரு ஜிப் பையில் போட்டு, எண் எழுதி, மண்டை ஓட்டின் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். இரண்டு தடவை சலித்துப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது துண்டு இன்னும் கிடைக்கவில்லை.