பிளக்கைப் பிடுங்கித் தேர்ந்தெடுத்த தரவுத்தளம்

பரந்தனில் மாமாவின் நெல் மில்லுக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன், இரவில் மட்டும். கைவந்தது ஜாவா நிரல்மொழிதான். தனியாக ஒரு சேர்வரை நிறுவிப் பராமரிக்க அங்கே ஆளில்லை. செயலிக்குள்ளேயே ஒரு ஜார் கோப்பாக (ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் பொதி) இருந்துவிடும் தரவுத்தளம்தான் சரிவரும். எச்2, எச்எஸ்கியூஎல்டிபி, டெர்பி மூன்றையும் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் எச்2. நல்ல வேகம், உலாவியில் திறக்கும் கன்சோலும் உண்டு. அதையே வைத்துக்கொள்ள இருந்தபோதுதான் மாமா கேட்டார்: "மருமோன், கரண்ட் போனா கணக்கும் போயிடுமோ?" யுபிஎஸ் இல்லாத பழைய கணினி. நியாயமான கேள்வி.

சின்ன நிரல் ஒன்று எழுதினேன். 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாகச் சேர்க்கும். கமிட், அதாவது 'பதிந்துவிட்டேன்' என்று தரவுத்தளம் உறுதிசெய்வது, முடிந்த பிறகே அதைத் திரையில் காட்டும். திரையைப் போனில் வீடியோ எடுத்தபடியே பிளக்கைப் பிடுங்கினேன்.

எச்2வில் கோப்புக்குச் சேதமில்லை. ஆனால் திரையில் கண்ட கடைசி எண்கள் சில அட்டவணையில் இல்லை. கமிட்டானதை 500 மில்லிசெக்கன் வரை தாமதித்து எழுதுவது அதன் இயல்பு அமைப்பு. மின்தடையில் எல்லாம் தப்பும் என்று உறுதி தரமாட்டோம் என அதன் ஆவணமே சொல்கிறது. எச்எஸ்கியூஎல்டிபியிலும் அதே அரைச் செக்கன். அங்கே அதை நிறுத்திவிடலாம்தான். ஆனால் சாதாரணமாக உருவாக்கும் அட்டவணை முழுதாக நினைவகத்தில் ஏறிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

டெர்பியில் எண்கள் ஊர்ந்தன. ஒவ்வொரு கமிட்டையும் வட்டில் எழுதிவிட்டுத்தான் திரும்புகிறது. மூன்று முறை பிடுங்கினேன்; கண்ட எண் எல்லாம் இருந்தன. ஒருமுறை திரைக்கு வராத ஓர் எண்கூட உள்ளே இருந்தது! அறுவடை நாளிலும் லொறி ஒவ்வொன்றாகத்தான் தராசில் ஏறும், இந்த வேகம் தாராளம்.

குறும்பும் உண்டு. டெர்பியை ஒழுங்காக மூடினாலும் எக்ஸ்ஜே015 என்று ஒரு பிழையை எறியும். வெற்றியாக மூடியதற்கு அதுதான் அடையாளமாம். தெரியாமல் ஒரு மணித்தியாலம் போனது. அப்புறம், செயலி திறந்திருக்கும்போதே மாமி அதை இரண்டாவது தடவை திறந்தபோது தரவுத்தளம் திறக்க மறுத்தது. இப்படிச் செயலிக்குள் வைத்தால், ஒரு நேரத்தில் ஓடும் ஒரு ஜாவா நிரல்தான் அதைத் தொடலாம். 'ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று தமிழில் ஒரு செய்தி போட்டிருக்கிறேன்.

அடுத்தது பென் டிரைவில் பிரதி எடுப்பது. மாமா கையால் கணக்கெழுதும் சிஆர் கொப்பியை (தடித்த அட்டைக் குறிப்பேடு) இன்னும் விடவில்லை. இந்தச் சிறுபோகத்துக்கு இரண்டிலும் எழுதுவாராம்.