நர்கிஸ் அடிச்சப்ப எங்க வீட்டு 17 நாள்

நேத்து சாயந்தரம் கரண்ட் போனதும் சின்னவன் "பவர் பேங்க்ல 20 பெர்சென்ட்தான் இருக்கு, நான் என்னதான் பண்றது"ன்னு ஒரே புலம்பல். ரங்கூன்ல இப்ப கரண்ட் முறை வச்சுத்தான் வருது, அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது, வந்தாலும் சொன்ன நேரம் வரைக்கும் நிக்காது, அதுக்குன்னே பேட்டரி இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கி வச்சு ஒரு மாதிரி பழகிட்டோம். டேய் இதெல்லாம் ஒரு கஷ்டமாடான்னு அவன்கிட்ட நர்கிஸ் புயல் கதைய எடுத்தேன், பாதியிலயே தூங்கிட்டான். சொல்ல ஆரம்பிச்சத முடிக்கலேன்னா எனக்கு தூக்கம் வராது, அதனால மிச்சத்த இங்க கொட்டுறேன்.

2008 மே 2, வெள்ளிக்கிழமை. அப்ப நாங்க டவுன்ல இருந்தோம், நம்பர் போட்ட தெருவுங்கள்ல ஒண்ணு, அஞ்சாவது மாடி. அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தங்கச்சி. ரங்கூன் டவுன் பாத்தவங்களுக்கு தெரியும், லிஃப்ட்டெல்லாம் கெடையாது, செங்குத்தா ஒரு படி, எதுக்க ஒரு ஆள் வந்தா செவத்தோட ஒட்டிக்கணும். அதுக்காகவே எல்லா பால்கனியிலேருந்தும் ஒரு கயிறு தெருவு வரைக்கும் தொங்கும், நுனியில ஒரு கிளிப், மேல ஒரு மணி. பேப்பர்காரன் பேப்பர கிளிப்புல மாட்டிட்டு ஒரு இழு இழுப்பான், மேல மணி அடிக்கும், நாம தூக்கிக்கணும். இந்த கயித்த ஞாபகம் வச்சுக்கங்க.

எங்க பெரிய அத்தை அறுபதுகள்ல கடைங்களெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப கப்பல் ஏறி போனவங்க, மெட்ராஸ் வியாசர்பாடியில செட்டில் ஆனவங்க. அந்த வாரம்தான் போன் பண்ணி, புயல் ஒண்ணு கெடக்காம், மெட்ராஸ் பக்கம் வந்தாலும் வரும்னு பேசிக்கிறாங்கன்னு சொன்னாங்க. நாங்க இங்கேருந்து பத்திரமா இருங்கன்னு அவங்களுக்கு புத்தி சொல்லிட்டு போன வச்சோம். அது என்னடான்னா வங்காள விரிகுடாவுல கொஞ்ச தூரம் இந்தியா பக்கமா போயிட்டு அப்படியே கெழக்க திரும்பி, ஐராவதி டெல்டாவுல ஏறி, ராத்திரியோட ராத்திரியா ரங்கூனுக்கு வந்துருச்சு.

அந்த ராத்திரிய பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல, பயந்து கெடந்தோம், அவ்வளவுதான். கரண்ட் முதல்லயே போயிருச்சு. பக்கத்து கட்டடத்து தகரம் எல்லாம் பிச்சுக்கிட்டு பறக்குற சத்தம், எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி ரெண்டு போச்சு, மறுநாள் பகல் ஏறுற வரைக்கும் காத்து அடங்கல. அப்பத்தா ஒரு மூட்டைய மடியில வச்சுக்கிட்டு செவத்தோரமா உக்காந்திருந்துச்சு. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டப்ப அதுக்கு எட்டு வயசாம். "குண்டுன்னா விழுந்துட்டு போயிரும்டா, இது போகவே மாட்டேங்குதே"ன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு.

காலையில பால்கனியில நின்னு பாத்தா நம்ம தெருவான்னே தெரியல. முனையில இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம், எங்க அப்பா சின்ன பையனா இருந்தப்பவே பெரிய மரமாம் அது, வேரோட சாஞ்சு மூணு கம்பத்த இழுத்துட்டு விழுந்து கெடந்துச்சு. கரண்ட் கம்பியெல்லாம் அத்தோ நூடுல்ஸ் தட்டு மாதிரி பின்னிக் கெடந்துச்சு. அன்னைக்கு சாயந்தரமே பொங்கிமார், அதான் புத்த பிக்குங்க, கோடாலி, கை ரம்பத்தோட வந்து வெட்ட ஆரம்பிச்சாங்க, தெரு ஆம்பளைங்களும் சேந்துக்கிட்டோம். வரவேண்டியவங்க எப்ப வந்தாங்கன்னு கேக்காதீங்க.

எங்களுக்கு கரண்ட் போறது புதுசு இல்லதான், ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதனால முதல் ரெண்டு நாள் யாரும் கவலையே படல. அப்புறம்தான் உறைச்சுது, இது வழக்கமான மீ ப்யே, அதாவது பர்மிய பேச்சுல கரண்ட் கட், இல்லன்னு. கம்பி எல்லாம் தலைக்கு மேல போற ஊரு, மரமெல்லாம் அது மேலதான் விழுந்திருக்கு, எந்த வீட்டு ஒயர் எங்க அறுந்து தண்ணியில கெடக்குன்னு பாக்காம கரண்ட விட்டா ஆள் செத்துருவான், இல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் போயிரும். அப்ப ஒவ்வொரு தெருவா மரத்த எடுத்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து, சோதிச்சுத்தான் விடணும். ரங்கூன்ல எத்தன தெருன்னு அப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டாரு.

வெளிச்சம் இல்லாததெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லீங்க. மெழுகுவர்த்தி வெல ரெண்டு மடங்குக்கு மேல ஏறிருச்சு, வாங்கல, ஏழு மணிக்கு சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு படுத்துட்டோம். அப்பத்தா காமாட்சி வெளக்க மட்டும் ஏத்தும், ஆனா அந்த வெளிச்சத்துல பாத்திரம் தேய்க்கக் கூடாது, காசு எண்ணக் கூடாதுன்னு ஏகப்பட்ட சட்டம். கொசுவையும் ஒரு மாதிரி சமாளிச்சோம். தண்ணிதான் எங்கள கொன்னுச்சு.

முனிசிபல் தண்ணி அஞ்சாவது மாடிக்கு தானா ஏறாது, கீழ தொட்டியில விழும், மோட்டார் போட்டு மேல டாங்க்குக்கு ஏத்தணும். மோட்டாருக்கு கரண்ட் வேணும். மேல டாங்க்ல இருந்தது ரெண்டாம் நாள் மத்தியானத்தோட தீந்துச்சு. அப்புறம் நாலு வீடு சேந்து காசு போட்டு, ஜெனரேட்டர் வச்சிருந்த ஒருத்தர கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம், பெட்ரோலுக்கே காசு பத்தல, அதுவும் ஒரு தடவையோட சரி. தள்ளுவண்டியில தண்ணி விக்கிறவங்க வர ஆரம்பிச்சாங்க, அவங்க தெருவோட நின்னுக்குவாங்க, மேல கொண்டு போறது நம்ம பாடு. நான் முதல் நாள் ஆறு நடை ஏறினேன், ரெண்டாம் நாள் முட்டி மடங்கல.

அப்பதான் அப்பா கயித்த பாத்தாரு. பேப்பர் கயிறு மெல்லிசு, அத அவுத்துட்டு, துறைமுகத்துல வேல பாத்த ஒரு அண்ணன்கிட்ட தடியா ஒரு கயிறு வாங்கிட்டு வந்தாரு. முதல்ல வாளி கட்டி இழுத்தோம், அது மூணாவது மாடி பால்கனி விளிம்புல இடிச்சு, கீழ நின்னவங்க தலையில கொட்டிருச்சு. திட்டு தாங்கல. அப்புறம் மூடி போட்ட மஞ்ச எண்ணெ டின்னுக்கு மாறினோம், பத்து லிட்டருக்கு மேல ஊத்தக் கூடாது, ஊத்துனா கை தாங்காது. பால்கனி கம்பியில கயிறு அறுபடாம இருக்க சாக்கு சுத்தி, கைக்கு பழைய லுங்கிய கிழிச்சு சுத்திக்கிட்டு, நானும் அப்பாவும் மாத்தி மாத்தி இழுப்போம். தங்கச்சி கீழ நிக்கும். ஒரு சுண்டு சுண்டினா தூக்கு, ரெண்டு சுண்டினா இரு. சாக்கையும் மீறி கயிறு கம்பியில உரசுற அந்த கரகர சத்தம் எனக்கு இப்பவும் பல்லு கூசும்.

மேல வந்த தண்ணிக்கு எஜமானி அப்பத்தா. அரிசி கழுவின தண்ணி பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவினது கக்கூஸுக்கு, குளிக்கிறதுன்னா ஆளுக்கு ரெண்டு மக்கு, தல குளிக்கணும்னா காளி கோவில் கும்பாபிஷேகம் வரைக்கும் பொறுன்னு நக்கல் வேற. ஃபிரிட்ஜ்ல இருந்த மீன் எல்லாத்தையும் முதல் நாளே கொழம்பு வச்சு தீத்தாச்சு. மிக்ஸி, கிரைண்டர் கெடையாது, இட்லிய மறந்தாச்சு, கரி அடுப்புல சோறு, தொட்டுக்க பலாச்சாங், காஞ்ச எறால் போட்டு வறுத்த பர்மா தொக்கு, அது வாரக்கணக்குல கெடாது. கரி வெல ஏறினதும் விழுந்த மரத்த வெட்டி எரிச்சோம், பச்ச மரம், பொக மட்டும்தான் வரும். அந்த மாசம் பூரா எங்க வீட்டு ரசத்துல தூங்குமூஞ்சி மரத்து வாசம்.

எங்க எதிர் வீட்டுல ஒரு பர்மாக்கார அம்மா, நாங்க டோடோன்னு கூப்பிடுவோம். சொந்த ஊரு லபுட்டா, டெல்டாவுல கடைசி. அவங்ககிட்ட ஒரு பேட்டரி ரேடியோ இருந்துச்சு, ராத்திரி படியில உக்காந்து பர்மிய மொழி வெளிநாட்டு செய்தி கேப்பாங்க, நாங்களும் போய் பக்கத்துல உக்காருவோம். செத்தவங்க கணக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஏறிக்கிட்டே போச்சு. கடைசியில அரசாங்கமே சொன்ன கணக்கு, செத்தது 84,537, காணாம போனது 53,836. நாங்க படியில உக்காந்திருந்தப்ப இந்த நம்பர் எல்லாம் தெரியாது, டோடோ ரேடியோவ காதுகிட்டயே வச்சுக்கிட்டு ஊர் பேர் வருதான்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வந்துச்சு. அவங்க மகன் மறுநாளே கெளம்பி போனான்.

ஒம்பது நாள் கழிச்சு வந்தான். டோடோவோட அக்கா குடும்பத்துல ஏழு பேரு, கூட்டிட்டு வந்தது ஒரு பொண்ண மட்டும், பதினாலு வயசு இருக்கும். என்னாச்சுன்னு யாரும் கேக்கல, அதுவும் சொல்லல. ரெண்டு நாள் பால்கனியில நின்னு நாங்க டின் இழுக்கிறத பாத்துக்கிட்டே இருந்துச்சு. மூணாவது நாள் யாரும் கூப்பிடாமலே கீழ எறங்கி போயி, என் தங்கச்சி கட்டி வச்சிருந்த முடிச்ச அவுத்துட்டு வேற மாதிரி கட்டுச்சு, தோணி கட்டுற முடிச்சாம், எவ்வளவு ஆடினாலும் டின் நழுவாது, அவுக்கிறப்ப மட்டும் ஒரே இழு. அதுக்கப்புறம் ஒரு டின் கூட விழல. அதுக்கு முன்னாடி எத்தன டின் போட்டு உடைச்சோம்னு அப்பாகிட்ட கேளுங்க.

நடுவுல ஒரு நாள் அத்தைக்கு லைன் கெடச்சுருச்சு. "எங்களுக்கு வர வேண்டியது உங்ககிட்ட வந்துருச்சே"ன்னு அழுதாங்க. அப்பத்தா போன வாங்கி, "அழுது பில்ல ஏத்தாத, நல்லாத்தான் இருக்கோம்"னு வச்சுருச்சு. வச்சுட்டு பூஜை ரூம்ல போயி ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு.

பதினோராவது நாள் தெருவோட எதிர் வரிசைக்கு கரண்ட் வந்துருச்சு. அவங்களுக்கு வேற ட்ரான்ஸ்ஃபார்மர். இருவது அடி தள்ளி ஃபேன் சுத்துறத பாத்துக்கிட்டே விசிறிக்கிட்டு படுக்கிறது இருக்கே, அதுக்கு மொத்தமா இல்லாமலே இருந்திருக்கலாம். எங்க வரிசையில வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு சேத்து, கம்பி வாங்கி, வந்த ஆளுங்களுக்கு டீ காசும் குடுத்து, அப்புறமும் ஆறு நாள் ஆச்சு. புது அரசியல் சட்டத்துக்கு மே 10ன்னு சொன்ன வாக்கெடுப்ப ரங்கூன்ல புயல் அடிச்ச எடங்களுக்கு மே 24க்கு தள்ளி வச்சிருந்தாங்க, அதுக்குள்ள வந்துரும்னு எல்லாரும் ஆரூடம் சொன்னாங்க, வந்துருச்சு.

ராத்திரி ரெண்டு மணி. தெருவே "மீ லாபி! மீ லாபி!"ன்னு கத்துது, கரண்ட் வந்துருச்சுன்னு அர்த்தம். எந்த சுவிட்ச் ஆன்ல இருக்கு எது ஆஃப்ல இருக்குன்னு யாருக்கு ஞாபகம், எல்லா வீட்டுலயும் எல்லாம் ஒரே நேரத்துல எரியுது, எவனோ ஒருத்தன் வீட்டுல டிவி முழு சத்தத்துல அலறுது. அப்பத்தா ஃபேனுக்கு நேரா கீழ ஒரு பாய போட்டு, சேலைய காலோட இழுத்து விட்டுக்கிட்டு படுத்துருச்சு. அம்மா ஃபிரிட்ஜ தொறந்து லைட் எரியுதான்னு பாத்துட்டு மூடினாங்க, மறுபடி தொறந்து பாத்தாங்க.

ஒரு கால் மணி நேரம் கழிச்சுத்தான் அந்த வாசம் வந்துச்சு. ரப்பர் கருகுற மாதிரி. அப்பா கீழ ஓடினாரு, மோட்டார் தண்ணி இல்லாம காஞ்ச தொட்டியில ஓடி, காயில் கருகி, தொட முடியாத சூட்டுல நின்னு போயிருந்துச்சு. வோல்டேஜ் ஏத்தி விட்டுட்டானுங்கன்னு அப்பா இன்னைக்கு வரைக்கும் திட்டிக்கிட்டு இருக்காரு. வோல்டேஜ் இல்ல. புயலுக்கு மறுநாள் கரண்ட் வந்துருச்சான்னு பாக்க மோட்டார் சுவிட்ச போட்டது நான், அணைக்காம மறந்ததும் நான். அப்பா இந்த ப்ளாக் எல்லாம் படிக்கிறதில்ல, அந்த தைரியத்துலதான் எழுதுறேன்.

காயில் கட்டுற கடையில போயி பாத்தா எங்களுக்கு முன்னாடி நாப்பது மோட்டார் வரிசையில இருக்கு, எல்லாம் ஒரே கேஸ். ஒரு வாரம் ஆகும்னுட்டான். திரும்பி வந்து தெருமுனையில திரும்புறேன், எங்க பால்கனியிலேருந்து கயிறு எறங்கி இருக்கு, அந்த லபுட்டா பொண்ணு தள்ளுவண்டிக்காரன்கிட்ட டின்ன நிரப்பிட்டு, குனிஞ்சு முடிச்சு போட்டுக்கிட்டு இருக்கு. என்ன பாத்துட்டு மேல கைய காட்டுச்சு, போயி இழுங்கற மாதிரி.