பூஜ்ய மில்லிசெகண்ட் கேள்வியில் நான் தவறியதும் பிறகு படித்த முறையும்

நேர்முகத் தேர்வொன்றில் என்னிடம் கொடுக்கப்பட்ட தாளில் நான்கே வரி ஜாவாஸ்கிரிப்ட் இருந்தது. முதல் வரி 'அ' என்று அச்சிடும்; இரண்டாவது வரி, பூஜ்ய மில்லிசெகண்ட் குறித்த செட்டைம்அவுட்டுக்குள் (குறித்த நேரம் கழித்து ஒரு வேலையை ஓட்டும் டைமர்) 'ஆ'; மூன்றாவது, ஏற்கெனவே நிறைவேறிவிட்ட பிராமிஸின் (பின்னர் வரும் விடைக்கான உறுதிச்சீட்டு) தென்னுக்குள் (விடை வந்ததும் ஓட வேண்டிய பகுதி) 'இ'; கடைசி வரி 'ஈ'. எது முதலில், எது பிறகு அச்சாகும் என்பதே கேள்வி. டைமர்தானே முதலில் பதிவானது என்று கணக்குப் போட்டு, அ, ஈ, ஆ, இ என எழுதிக் கொடுத்தேன். சரியான விடை அ, ஈ, இ, ஆ.

டைமருக்கு ஒரு வரிசை, பிராமிஸுக்கு வேறொரு வரிசை என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. கால் ஸ்டாக் (ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் அடுக்கு) காலியானதும், பிராமிஸ் வேலைகள் காத்திருக்கும் மைக்ரோடாஸ்க் வரிசை முழுவதுமாகத் தீர்க்கப்படும், நடுவில் புதிதாகச் சேர்ந்தவையும் அப்போதே ஓடி முடியும், அதன் பிறகே டைமர் போன்ற அடுத்த டாஸ்க் ஒன்றே ஒன்று எடுக்கப்படும் என்பதைத்தான் நான் மனத்தில் வாங்கியிருக்கவில்லை.

அன்று முதல் விதியை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, தாளில் ஸ்டாக், மைக்ரோடாஸ்க், டாஸ்க், அச்சு என நான்கு பத்திகள் இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் எது எங்கே போகிறது என்று பென்சிலால் எழுதி, ஓடியதை அடித்துக்கொண்டே வந்தேன். விடையை எழுதிய பிறகே பிரவுசர் கன்சோலில் ஓட்டிப் பார்ப்பேன். முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் புரிந்ததுபோலத் தோன்றிவிடும். இப்படிப் போட்டதில் இரண்டு இடங்களில் திரும்பத் திரும்ப வழுக்கினேன். புதிய பிராமிஸை உருவாக்கும்போது உள்ளே கொடுக்கும் ஃபங்ஷன் காத்திருப்பதில்லை, அங்கேயே உடனடியாக ஓடிவிடும். அதுபோலவே, அசிங்க் ஃபங்ஷனில் (நடுவில் காத்திருக்கக்கூடிய ஃபங்ஷன்) முதல் அவெயிட் ('காத்திரு' என்னும் கட்டளை) வரையிலான பகுதி சாதாரண நிரலாகவே ஓடும்; அதற்குக் கீழே உள்ளதுதான் மைக்ரோடாஸ்க்காகத் தள்ளிப்போகும்.

பழைய வினாத்தொகுப்புகளின் விடைகளை அப்படியே நம்ப வேண்டாம். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், 2018இல் வந்த 11ஆம் பதிப்புக்கு முன்பு, நேரம் வந்த டைமர்கள் பலவும் அடுத்தடுத்து ஓடிய பிறகே பிராமிஸ்களுக்கு முறை வரும். இப்போது பிரவுசரில் உள்ளதுபோல ஒவ்வொரு டைமருக்குப் பிறகும் மைக்ரோடாஸ்க் வரிசை தீர்க்கப்படுகிறது.

அடுத்த நிறுவனத்தில் கேள்வி வேறு விதமாக வந்தது: பல்லாயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணையைத் துண்டு துண்டாகச் செயலாக்கும்போது பக்கம் உறையாமல் இருக்க என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு துண்டையும் பிராமிஸ் தென்னில் கோத்தால் பயனில்லை, மைக்ரோடாஸ்க் வரிசை தீரும்வரை பிரவுசருக்குத் திரையை வரைய இடமே கிடைக்காது, ஆகவே அடுத்த துண்டைச் செட்டைம்அவுட்டில் தள்ள வேண்டும் என்றேன். அப்படியானால் அந்தப் பூஜ்யம் உண்மையிலேயே பூஜ்யமா என்று கேட்டார்கள். டைமருக்குள் டைமர் என்று ஐந்து அடுக்கைத் தாண்டினால் பிரவுசர் குறைந்தபட்சம் 4 மில்லிசெகண்ட் காக்க வைக்கும் என்பதால், துண்டுகளை மிகச் சிறியதாக நறுக்கினால் காத்திருப்பிலேயே நேரம் போய்விடும் என்று தாளில் கணக்கிட்டே காட்டினேன்.