கேட் சாத்தியாச்சா

நவம்பர் 4
அப்பா காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டாரு. மழை விடல.

நவம்பர் 6
ஜிப்மர் போயிட்டு வந்தேன். பஸ்ஸு, க்யூன்னு முழு நாளும் போச்சு, ஆனா வலி மாத்திரை மார்ஃபின் கையில இருக்கு. நம்ம திருப்பாப்புலியூர் மெடிக்கல்ல ஏறி எறங்காத கடை இல்ல, எங்கயும் கிடைக்கல. 4 மணி நேரத்துக்கு ஒண்ணு, 10 மில்லிகிராம், ராத்திரி படுக்கும்போது ரெண்டா குடுத்துட்டா நடுராத்திரி எழுப்ப வேணாம்னாங்க. கூடவே மோஷன் போக மாத்திரை, அத ஒரு நாளும் விட்றாதீங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க. பேரக் கேட்டதும் அத்தை முந்தானைய வாயில பொத்திக்கிட்டாங்க. அது கடைசியா குடுக்குறதாமே. இல்ல அத்தை, வலிக்குக் குடுக்குறது.

நவம்பர் 7
விடாம ஆறு மணி நேரம் தூங்கினாரு. எத்தன மாசம் ஆச்சு இப்படி.

நவம்பர் 10
"கேட் சாத்தியாச்சா?" தெருக் கேட்டுன்னு நினைச்சு போய் பூட்ட இழுத்துப் பாத்துட்டு வந்தேன். திரும்பவும் அதே கேள்வி. அவரு கேக்குறது ரயில்வே கேட்ட, கேட் கீப்பரா வேலை பாத்த கேட்ட.

நவம்பர் 12
ரெண்டு நாளா தூக்கமே இல்ல அவருக்கும் எனக்கும். போர்வைய புடுங்கிப் புடுங்கி எடுக்குறாரு, காத்துல எதையோ கிள்ளுறாரு, என்னையே சார்ங்கிறாரு. வண்டி வருது சார், கேட் தொறந்து கெடக்கு, ஸ்கூல் புள்ளைங்க லைன்ல நிக்குது. அப்பா நீ ரிடையர் ஆயி பதினோரு வருஷம் ஆச்சுன்னு சொல்லிப் பாத்தேன், அவரு பாத்த பார்வைய என்னால எழுத முடியல. மாத்திரைதான் பண்ணுதுன்னு அத்தை சொல்லச் சொல்ல எனக்கும் அப்படியே தோணிடுச்சு. ராத்திரி ரெண்டுக்கு பதிலா ஒண்ணு குடுத்தேன். 3 மணிக்கு இடுப்பப் புடிச்சிக்கிட்டு கத்தினாரு. நான்தான் அதப் பண்ணேன்.

நவம்பர் 13
மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் அக்கா வந்தாங்க. பிபி கூட பாக்கல, மொதல்ல அடிவயித்துலதான் கைய வச்சாங்க, கல்லு மாதிரி இருந்துது. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு? டயப்பர் காஞ்சே இருந்துது, தண்ணி குடிக்கிறது கொறஞ்சதாலன்னு நான் விட்டுட்டேன். கத்தீட்டர் போட்டதும் பையில 900 மில்லி ஏறிடுச்சு. நெத்தி சுருக்கம் விரிஞ்சத கண்ணால பாத்தேன். யூரின் அடைச்சாலும், மலம் கட்டினாலும், இன்ஃபெக்‌ஷன் ஆனாலும், உப்பு கொறஞ்சாலும் இப்படிக் குழம்பும், நீயா டோஸக் கொறைக்காத கண்ணு, எங்கள கேளுன்னாங்க. டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டு, குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் ராத்திரிக்கு பாதி மாத்திரை. அவரு என்ன கேக்குறாரோ அதுக்குப் பதில் சொல்லு, சண்டை போடாதன்னும் சொன்னாங்க.

நவம்பர் 14
அந்த 3 மணி.

நவம்பர் 16
குழப்பம் பாதி கொறஞ்சிருக்கு, கேட் மட்டும் போகல. இன்னைக்கு, சாத்தியாச்சுப்பான்னேன். "நம்பர் குடு." கேட் சாத்தினதுக்கு அடையாளமா ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போன்ல மாத்திக்கிற பிரைவேட் நம்பர். சின்ன வயசுல சோறு கொண்டு போனா, ஒரு கையில ரிசீவர், ஒரு கையில பேனா, அந்த ரெண்டு இலக்கத்த எழுதி முடிக்கிற வரைக்கும் என் பக்கம் திரும்ப மாட்டாரு. 47ன்னு சொன்னேன். விரலால போர்வை மேல எழுதினாரு, நாலு, அப்பறம் ஏழு. சோழன் எக்ஸ்பிரஸ் போற சத்தம் கேட்டுது. கைய மெதுவா தூக்கிப் புடிச்சாரு, பச்சைக் கொடி புடிக்கிற மாதிரி, கடைசிப் பெட்டி போற வரைக்கும்.

நவம்பர் 17
52. 18. 63. அத்தையும் நம்பர் சொல்றாங்க.

நவம்பர் 19
கஞ்சி எறங்கல. ரெண்டு ஸ்பூன்லயே பொரை ஏறிடுச்சு. பட்டினி போட்டு அனுப்பப் போறியான்னு அத்தை கேட்டாங்க, நான் கத்திட்டேன், அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம். நாக்கு வெடிச்சிருக்கு. பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சா உறிஞ்சுறாரு. அத அத்தை பாத்துக்கறாங்க, மணிக்கணக்கா.

நவம்பர் 21
தொண்டைல கடகடன்னு சத்தம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சதும் கொஞ்சம் அடங்குது. நமக்குத்தான் கேக்கக் கஷ்டமா இருக்கும், அவருக்குத் தெரியாதுன்னு அக்கா சொன்னாங்க. பாதம் சில்லுன்னு இருக்கு. தம்பிக்கு நாளைக்குதான் டிக்கெட். நம்பர் கேக்கல.

நவம்பர் 22
6 மணி மாத்திரைய தண்ணில கரைச்சு கன்னத்துக்குள்ள விட்டேன், பாதி வழிஞ்சிடுச்சு. திரும்பக் குடுக்கலாமான்னு தெரியல. நர்ஸ் அக்கா போன் எடுக்கல, ஏழு மணிக்கு மேல போடணும்.