ஃபைவ்ஸில் ராஜா, லெவன்ஸில் காணோம்

இந்த வருஷமும் நம்ம வட சென்னை ஏரியா காலேஜ் ஃபுட்பால் டீம் இன்டர் காலேஜில் சீக்கிரமே மூட்டை கட்டிடுச்சு. முல்லை நகர் கிரவுண்டு ஓரத்துலயும் பெரம்பூர் டீக்கடையிலயும் ஒரே பேச்சுதான்: கோச்சை மாத்து, ஃபார்வர்டு சரியில்ல, ரெஃப்ரி கவுத்துட்டார். ரெஃப்ரியை விடுங்க, அவரைத் திட்டாத சீசன் ஏது? கோச், ஃபார்வர்டு கதையும் ரெண்டாவதுதான். முதல் சிக்கல், பசங்க ஆட்டம் கத்துக்கிட்ட கிரவுண்டு வேற, தோக்குற கிரவுண்டு வேற.

கணக்கு போட்டுப் பாருங்க. ஃபைவ்ஸ், அதாவது அஞ்சுக்கு அஞ்சு பேர் ஆடுற சின்ன ஃபுட்பால், அதோட டர்ஃப் சுமார் 40க்கு 20 மீட்டர். பத்துப் பேர் ஆடினா தலைக்கு 80 சதுர மீட்டர். 105க்கு 68 இருக்கிற முழு கிரவுண்டுல 22 பேர் ஆடினா தலைக்கு 325 சதுர மீட்டர் வருது, நாலு மடங்கு. வியாசர்பாடி, புளியந்தோப்பு சந்துல வளர்ந்த பையன் நெருக்கடியில ரெண்டு பேரை வெட்டிட்டுப் போவான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா முழு ஆட்டத்துல ஒருத்தன் காலில் பந்து இருக்கிறது மொத்தமா ரெண்டு, மூணு நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் எங்க நிக்கிறான்ங்கிறதுதான் ஆட்டம். அதை ஃபைவ்ஸ் சொல்லித் தராது.

நம்ம டீம் வாங்கின கோல்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. ஃபார்வர்டு மேல நிப்பான், ஸ்டாப்பர், அதாவது நடு பேக், தன் கோல் முன்னாடி இருக்கிற பெனால்டி பாக்ஸ் ஓரத்துல நிப்பான், நடுவுல 60 மீட்டர் காலி. எதிராளி ஒரு நீளப் பந்தைத் தூக்கிப் போடுவான், நம்ம ஸ்டாப்பர் தலையால முட்டுவான், முட்டின பந்து விழுற இடத்துல நம்ம ஆள் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். முதல் ஃபார்வர்டுல இருந்து கடைசி பேக் வரைக்கும் 30, 35 மீட்டருக்குள்ள அடங்கணும். பந்து ஏறினா பேக்கும் ஏறணும்.

இந்த ஓட்டையை அடைக்க பேக் லைனுக்கு முன்னாடி ஒருத்தன் நிக்கணும். வியாசர்பாடியில இருந்து போன தனபால் கணேஷ் 2017-18ல சென்னையின் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கப் அடிச்சப்போ செஞ்ச வேலை அதுதான்: முட்டி விழுற பந்தைப் பொறுக்கிறது, எதிராளி ஓட்டத்தை நடுவுலயே முறிக்கிறது. நம்ம பசங்க எல்லாருக்கும் முன்னாடி நின்னு வெட்டி ஆடுற 10ஆம் நம்பர் ஜெர்சிதான் வேணும். பேக் லைனுக்கு முன்னாடி நிக்கிற 6ஆம் நம்பரை நீட்டினா மூஞ்சி சுருங்குது.

அடுத்து ஆஃப்சைடு: பாஸ் அடிக்கிற நொடியில நம்ம கடைசி பேக்கைத் தாண்டி நிக்கிற எதிராளி அந்தப் பந்தை ஆட முடியாது. ஃபைவ்ஸ்ல அது கிடையாது, அதனால பேக்குகளுக்கு லைன் பிடிக்கிற பழக்கமே இல்ல. லைன் பிடிக்கிற விதி ரொம்ப எளிசு. எதிராளி பந்தைப் பின்னாடி தட்டினாலோ, முதுகைக் காட்டி நின்னாலோ நாலு பேரும் ஏறணும். அவன் தலையைத் தூக்கி, யாரும் அழுத்தாம பந்தோட நின்னா இறங்கணும். சத்தம் ஒருத்தன் மட்டும் கொடுக்கணும். நாலு பேரும் கத்தினா நாலு லைன் ஆயிடும். தப்பு வழக்கமா பந்து இல்லாத பக்கத்து பேக் கிட்டதான். ரெண்டடி பின்தங்கி நின்னு மொத்த பேரையும் ஆன்சைடு ஆக்கிட்டு, அப்புறம் லைன்ஸ்மேனைப் பார்த்துக் கையைத் தூக்குவான்.

கீப்பர் நிலைமை இன்னும் பேஜாரு. ஃபைவ்ஸ் டர்ஃப்ல வைக்கிற சின்ன ஃபுட்சால் கோல் 3க்கு 2 மீட்டர். பெரிய கோல் 7.32க்கு 2.44, அதாவது பரப்புல மூணு மடங்கு. சின்ன கோல்ல பழகினவன் லைனை விட்டு நகர மாட்டான். பந்து எதிராளி பாதியில இருக்கும்போது அவன் பாக்ஸ் ஓரத்துக்கு, 16 மீட்டர் வரைக்கும் வந்து நின்னாத்தான் பேக்குக்குப் பின்னாடி விழுற பந்து அவனோடது. கோல் கிக்ல இன்னொரு கூத்து. 2019 விதி மாற்றத்துக்கு அப்புறம் பந்து பாக்ஸை விட்டு வெளிய போகணும்னு அவசியமில்ல. டிவியில பார்த்துட்டு நம்ம ஆளுங்களும் பாக்ஸுக்குள்ளயே குட்டை பாஸ் ஆடுறாங்க. குண்டும் குழியுமான மண் கிரவுண்டுல பந்து ஒரு தரம் துள்ளினா போதும், கோல். அங்க நீளமாத்தான் அடிக்கணும், ஆனா குருட்டாம்போக்கா நடுவுல வேண்டாம். ஒரே பக்கமா அடிச்சு, பந்து விழுற இடத்தைச் சுத்தி பத்து மீட்டருக்குள்ள நாலு பேரை நிறுத்தணும்.

கடைசி இருபது நிமிஷத்துல மூச்சு வாங்குறதுக்குக் காரணம் காலண்டர். அட்மிஷன் முடிஞ்சு டீம் எடுத்து ரெண்டே வாரத்துல மேட்ச்சுக்கு இறங்குறாங்க. குறைஞ்சது ஆறு வாரம் வேணும். முதல் ரெண்டு வாரம், வாரத்துக்கு மூணு நாள், நாலு நிமிஷம் வேக ஓட்டம், மூணு நிமிஷம் மெது ஓட்டம், இப்படி நாலு சுற்று. அடுத்த ரெண்டு வாரம் பாதி கிரவுண்டுல எட்டுக்கு எட்டு, கூடவே 30 மீட்டர் ஸ்பிரின்ட் ஆறு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல முழு ஓய்வு. கடைசி ரெண்டு வாரம் முழு கிரவுண்டு மேட்ச். பீச் மணல்ல ஓட விட்டா ஸ்டாமினா வந்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. மணல்ல கெண்டைக்கால் வலிதான் மிஞ்சும், முழு வேக ஸ்பிரின்ட் அதுல வராது. அந்த வேகத்துக்குப் பழகாத தொடைப் பின் தசை, நாக் அவுட்ல அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தா பிடிச்சுக்கும். முட்டி போட்டு, ஒருத்தன் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னாடி சாய்க்கிற நார்டிக் பயிற்சியை வாரம் ஒரு தடவை அஞ்சு அஞ்சா ரெண்டு செட்ல ஆரம்பிச்சு ஏத்திட்டே போனா இது நல்லாவே குறையும்.

பூட்டையும் பார்க்கணும். வெயில்ல காய்ஞ்சு இறுகின மண்ணுல அடியில பிளேடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற ஸ்டட் வச்ச பூட் போட்டா குதிகால் போயிடும், குட்டி ரப்பர் ஸ்டட் போதும். அக்டோபர்ல மழை இறங்கின பிறகு அதே ஷூ வழுக்கும். ஒரே ஜோடியில வருஷம் ஓட்டுற பையன்கிட்ட இதைச் சொல்றது சுலபம், காசுக்கு அவன் எங்க போவான்? காலேஜ் ஜெர்சிக்கு ஸ்பான்சர் தேடுறதுக்குப் பதிலா ஷூவுக்குத் தேடலாம். காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்தோட வந்து, பகல்ல அட்டெண்டன்ஸுக்காக கிளாஸ்ல உட்கார்ந்து, ராத்திரி டெலிவரி ஓட்டுற பசங்களுக்கு ரெண்டு வாழைப்பழம், அவிச்ச முட்டை, சுண்டல் கிடைச்சாலே பெரிசு.

எல்லாத்துக்கும் வேர் செலக்‌ஷன்ல இருக்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரையல்ல நேரம் பத்தலைன்னு சின்ன கோல் வச்சு இருபது நிமிஷம் ஆட விடுறாங்க. அதுல கண்ணுக்குத் தெரியிறவன் வெட்டி ஆடுறவன் மட்டும்தான். அஞ்சு பேர் அதே ரகம் வந்துடுவான், இடது கால் பேக் ஒருத்தன்கூட வர மாட்டான், ரெண்டாவது கீப்பருக்கு யாரும் பெயரே கொடுத்திருக்க மாட்டாங்க. முழு கிரவுண்டுல வச்சு, ரெண்டு விங்ல இருந்தும் கிராஸ் போட்டுப் பார்த்தாத்தான் கீப்பரும் ஸ்டாப்பரும் தெரிவாங்க. டிகிரி மூணு வருஷம். நாலு பேக்கும் ஒரே பேட்ச்சா இருந்தா நாலு பேரும் ஒரே மே மாசத்துல டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்க. யார் எந்த வருஷம் வெளிய போறான்னு ஒரு தாள்ல எழுதி, அந்த இடத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆள் எடுக்கணும்.

ஓரத்துல நின்னு கத்துற நாமளும் ஒண்ணு செய்யலாம். கோல் வாங்கின நிமிஷம், அது எங்க ஆரம்பிச்சது, அப்போ நம்ம 6ஆம் நம்பர் எங்க நின்னான், இந்த மூணை மட்டும் போன்ல குறிச்சு வைங்க. அஞ்சு மேட்ச் சேர்ந்தா கோச்கிட்ட காட்டலாம். இப்போதைக்கு அவசரம் கீப்பரும் இடது கால் பேக்கும்தான். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பன்னிரண்டாவது முடிக்கிற பையன் யாராவது இருந்தா அட்மிஷன் ஃபார்ம் வரும்போதே சொல்லி வைங்க.