ஜீனுக்குள்ளா, வெளியிலா? நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வுக்கு முதல் தடவை போனபோது, தாவர ஜீன்களின் பெயர்களை இரண்டு நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பார்ட் சி-யில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும். அங்கே பெயர்கள் கைகொடுக்கவில்லை. சோதனை முடிவைக் கொடுத்து, மாற்றம் எங்கே நடந்தது, ஜீனுக்குள்ளா வெளியிலா என்று கேட்டார்கள். விழித்தேன்.

அடுத்த முறை மக்காச்சோளத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் காட்டு மூதாதையான டியோசின்ட், மெக்சிகோவில் புதர்போலக் கிளைத்து வளரும் புல். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அது பயிரானது. பக்கக் கிளைகளை அடக்கும் டிபி1 ஜீன் இரண்டிலும் உண்டு. மக்காச்சோளத்தில் அது ஏறக்குறைய இரு மடங்கு வெளிப்படுகிறது (வேலை செய்கிறது). ஜீனிலிருந்து சுமார் 60,000 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்துகள்) தள்ளி, ஹாப்ஸ்காட்ச் என்ற தாவும் ஜீன் (இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு) செருகியிருப்பதுதான் காரணம். மரபியலாளர் ஜான் டீப்ளியின் குழு 2011-ல் இதை வெளியிட்டது. அந்தச் செருகல் பயிராவதற்கு 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே நடந்தது என்று படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காட்டில் ஏற்கெனவே கிடந்ததைத்தான் உழவர்கள் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்!

ஜப்பானிக்கா நெல்லிலும் இதே கதை: மணி உதிராமல் நிற்க ஒரு முக்கியக் காரணம், கியூஎஸ்எச்1 ஜீனுக்கு 12,000 இணைகள் தள்ளி மாறிய ஒரே எழுத்து.

ஜீனுக்கு வெளியே நடக்கும் மாற்றமும் அதன் வேலையை மாற்றும் என்பது பிடிபட்டால் சிஸ், டிரான்ஸ் குழப்பம் தீரும். ஜீனை ஒட்டிய அதே டிஎன்ஏ-வில் மாற்றம் இருந்தால் சிஸ்; ஜீனைக் கட்டுப்படுத்தும் புரதம் போன்ற வேறொன்றில் இருந்தால் டிரான்ஸ். பெற்றோர் இரண்டுக்கும் இடையே ஒரு ஜீனின் எம்ஆர்என்ஏ (ஜீனின் நகல்) அளவு 4:1 என்று வையுங்கள். அவற்றைக் கலந்து வரும் முதல் தலைமுறையான எஃப்1 கலப்பினத்தில் இரு அல்லீல்களும் (பெற்றோரிடமிருந்து வந்த ஜீன் வடிவங்கள்) ஒரே உட்கருவில், ஒரே புரதங்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்கேயும் 4:1 என்றால் சிஸ். 1:1 ஆகிவிட்டால் டிரான்ஸ். 2:1 வந்தால் இரண்டும் கலந்தது. பட்டை வரைபடமாகக் கையால் வரைந்து பாருங்கள்; படித்துக்கொண்டே போனால் மண்டையில் நிற்காது.

ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸின் எஃப்எல்சி ஜீனைத் தனியாக வைத்துப் படியுங்கள். அது பூப்பதைத் தடுக்கும். நீண்ட குளிரில், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில், எச்3கே27 என்ற இடத்தில் மெத்தில் குறிகள் (வேதி அடையாளங்கள்) ஏறி அது அடங்கும். குளிர் போன பிறகும் அடங்கியே இருக்கும். டிஎன்ஏ எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. அடுத்த தலைமுறைக் கருவில் அந்த அடக்கம் நீங்கி, ஜீன் மறுபடி விழிக்கும். 'குளிரின் நினைவு சந்ததிக்கும் போகும்' என்ற விடையை நான் முதல் தடவை குறித்தது இதைத் தெரியாமல்தான்.