எட்டு என்று சொல்லாத அந்தி நிறுவை

"சரியாத்தான் இருக்கு. அடுத்த ஆள் வாங்க" என்று நான் சொன்னேன். பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லப்படும் சொற்கள்தாம் இவை. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழை நாளொன்றில் நான் அவற்றைச் சொன்ன கணத்தை, இன்றுவரை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இல்லைங்க, எட்டுங்க" என்று ஒரு முறை; "இன்னொருக்கா நிறுத்துப் பாப்போமா?" என்று இன்னொரு முறை. இரண்டாவதாகச் சொன்னது எவரையும் குற்றஞ்சாட்டாத, எவரையும் புண்படுத்தாத வார்த்தை. அதுகூட அன்று என் வாயில் வரவில்லை.

நடந்தது சிறிய விடயம். எங்கள் தோட்டத்தில் அப்போது முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். காலை நிறுவையிலும் பகல் நிறுவையிலுமாகக் கழிவு போக, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவருக்கு 12 கிலோ பதிவாகியிருந்தது. அந்தி நிறுவையில் தராசின் முள் எட்டில் நின்றது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று வழக்கமாகப் பிடிக்கும் இரண்டு கிலோவைக் கழித்தால் ஆறு; மொத்தம் 18, முழுப்பேர். ஆனால் நிறுவையைப் பார்த்துச் சொல்லும் என் மேலதிகாரியான பெரிய கணக்கப்பிள்ளை "ஏழு" என்று கூவினார். கழிவு போக ஐந்து. மொத்தம் 17, அரைப்பேர். நாட்சம்பளம் 1000 ரூபாயாகிச் சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. அந்த ஒரு கிலோவுக்கு 500 ரூபாய் போனது.

நான் பேர் பதியும் செக்ரோலைக் கையில் ஏந்தியபடி தராசின் முகத்துக்கு நேரே நின்றிருந்தேன். முள்ளை என்னைப்போல் அவ்வளவு நேராகப் பார்த்தவர் அங்கே வேறு எவருமில்லை. அந்தப் பெண் அதை அறிந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து நீர் சொட்ட, பெரிய கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க பாத்தீங்கதானே? முள்ளு எட்டுலதானே நின்னுச்சு?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில்தான் மேலே எழுதியது.

எனக்கு அப்போது இருபது வயது. உயர்தரப் பெறுபேறு வந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்த இடைவெளியில், தோட்டத்திலேயே பயிலும் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பையனுக்கு வெளிக்கள உத்தியோகம் கிடைப்பது எங்கள் தோட்டத்தில் வழமையான காரியமுமில்லை. அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில் இரண்டு காற்சட்டையும் ஒரு சோடி சப்பாத்தும் வாங்கியிருந்தோம். பெரிய கணக்கப்பிள்ளை கூவியதை மறுப்பதென்றால், உதவி முகாமையாளரான சின்னத்துரையின் முன்னிலையில் அவரைப் பொய்யர் என்று சொல்வதாகும். இவை எல்லாம் உண்மையான காரணங்கள், பின்னால் நான் செய்துகொண்ட சாக்குகள் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் இவற்றில் ஒன்றுகூட என் மனத்தில் ஓடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எதையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. கங்காணி அங்கே நின்றார், லொறிச் சாரதி நின்றார், சாக்குத் தூக்கும் இருவர் நின்றனர், சின்னத்துரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு என்ற சொல் அவர்கள் எல்லோருடைய காதிலும் விழுந்து, எவருடைய முகத்தையும் மாற்றாமல் கடந்துபோயிற்று. மாறாத அந்த முகங்களைப் பார்த்த பின்பு, நான் கண்ட எட்டு எனக்கே ஐயத்துக்குரியதாகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்ற உணர்வோடு நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. அன்று இரவு படுத்த பிறகுதான் முள் மறுபடியும் எட்டுக்கு வந்தது.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்யும் ஒரு நினைவு உண்டு. 2018 ஒக்டோபரில், நாட்சம்பளமாக 1000 ரூபாய் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்களே, அன்று நானும் அங்கே நின்றேன். வீட்டில் பொய் சொல்லி, கூட்டாளிகளோடு பஸ் ஏறிப் போயிருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். பயம் என்ற ஒன்று இருப்பதாகவே அன்று தெரியவில்லை. அதே ஆயிரம் ரூபாய்க்காகத்தான் மடுவத்தில் அந்தப் பெண் என்னிடம் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் நடுவே உரத்துக் கேட்டவனுக்கு ஆறு பேர் நடுவே ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. எது நான் என்று கேட்டால், இரண்டும் நான்தான் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

பத்து மாதத்தில் தோட்ட வேலையை விட்டு, கல்வியியல் கல்லூரிக்குப் போனேன். அங்கே உளவியல் பாடத்தில்தான் சொலமன் ஆஷின் பரிசோதனையைப் படித்தேன். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவர் செய்தது இது: ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியக்கூடிய விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்னமே பேசிவைத்தபடி 18 சுற்றுகளில் 12இல் ஒரே பிழையான விடையைச் சொல்வார்கள். தனியாக இருந்து விடை சொன்னபோது நூற்றுக்கு ஒரு பிழைகூட விடாதவர்கள், கூட்டத்தின் நடுவே அந்தச் சுற்றுகளில் நூற்றுக்கு 37 அளவில் கூட்டத்தோடு சேர்ந்து பிழையாகச் சொன்னார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படிச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. என் மனத்தில் மட்டும் நிகழ்ந்த ஒரு கோழைத்தனம் என்று நான் சுமந்துகொண்டிருந்தது, உலகத்தின் மறுகோடியில், இழப்பதற்கு எதுவுமில்லாத கல்லூரி மாணவர்களிடமும் நிகழ்ந்திருக்கிறது. அவர்களை எவரும் வேலையிலிருந்து நிறுத்தப்போவதில்லை. அவர்களுடைய தாய் தந்தையர் தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவில் குடியிருக்கவுமில்லை. அவர்களே தடுமாறினார்கள் என்றால் நான் தடுமாறியதில் என்ன வியப்பு? சில மாதங்கள் இந்த ஆறுதலோடு இருந்தேன்.

பின்னர்தான் அதே பரிசோதனையின் இன்னொரு பகுதியைக் கவனித்தேன். அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும். பிழையோடு சேர்ந்து போவது கால்பங்காகக் குறைந்துவிட்டது. துணையாக ஒரு குரல் கிடைத்தால் மனிதன் தன் கண்ணை நம்புகிறான். இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் மடுவத்தில் அந்தக் குரல் இருந்தது. "எட்டுலதானே நின்னுச்சு" என்று எனக்கு முன்னதாகவே ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நான் தனியாக இருக்கவில்லை. ஆஷின் கணக்குப்படி நான் எட்டு என்று சொல்லியிருக்க வேண்டியவன். அவருடைய சொல் எனக்குத் துணையாக ஏன் தோன்றவில்லை? சுற்றி நின்றவர்களை நான் எண்ணியபோது கங்காணியை எண்ணினேன், சாரதியை எண்ணினேன், முள்ளைப் பார்க்கவே பார்க்காத சின்னத்துரையைக்கூட எண்ணினேன், அவரை எண்ணவில்லை. என் தாயோடு இருபது ஆண்டுகள் ஒரே மலையில் நிரை பிடித்தவர், நான் பெரியம்மா என்று அழைத்து வளர்ந்தவர், அந்தக் கணத்தில் எனக்கு ஓர் ஆளாகத் தெரியவில்லை.

இதற்கும் ஒரு பதிலைத் தேடினேன். ஆஷின் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சமமானவர்கள், மடுவம் அப்படிப்பட்டதல்ல. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிரம் தொடங்கிய பரிசோதனைகள் அதற்கு நெருக்கமானவை. பிழைவிடும் ஒருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி மேலாள் பணிக்கிறார். அதிர்ச்சி உண்மையல்ல என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர், சுவருக்கு அப்பால் இருந்தவர் சுவரில் இடித்தும், 450 வோல்ட் வரை போனார்கள். பின்னொரு முறை, பக்கத்தில் உடன் வேலை செய்வது போல இருந்த இருவர் "இதற்கு மேல் மாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது, இறுதிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான். துன்பப்படுபவர் தானே எழுப்பும் குரல் செய்யாததை, பக்கத்து இருக்கைக்காரரின் மறுப்பு செய்தது. பெரியம்மாவின் சொல்லை நான் சாட்சியாக அல்ல, முறைப்பாடாகவே கேட்டேன் என்பது இப்படி விளங்குகிறது. ஆனால் விளக்கம் கிடைக்குந்தோறும் என் மனம் சிறிது இலேசாகிறது. இலேசாவதைப் பார்த்து எனக்கே அச்சமாக இருக்கிறது. அவருக்கு அந்த 500 ரூபாய் திரும்பி வரவில்லையே.

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள், நம்மவர்களிலேயே படித்துவிட்டு நகரத்துக்குப் போனவர்கள், "தோட்டத்து ஆளுங்க வாயத் தொறக்க மாட்டாங்க" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அன்று வரிசையில் நாற்பது பெண்களாவது நின்றிருப்பார்கள். எவரும் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் அதே பெண்கள் பீலியடியில் தண்ணீருக்கும், கோயில் கூட்டத்தில் வரிக் கணக்குக்கும் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் வேலை மட்டுமல்ல, தலைக்கு மேலிருக்கும் கூரையும் கேள்விக்குள்ளாகும் இடத்தில்தான் அவர்கள் மௌனமாகிறார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட பாட்டன் பாட்டிகளிடம் வளர்ந்தவர்களுக்கு, எங்கே பேசலாம் எங்கே பேசக்கூடாது என்பது படித்தறிந்த அறிவு. அதைக் குணம் என்று கூறுவது தவறு. பிறர் நடத்தைக்கு அவர்களுடைய குணத்தையே காரணமாக்கி, சூழ்நிலையைக் காணாமல் விடும் நம் பழக்கத்தை, 1977இல் லீ ரொஸ் என்ற உளவியலாளர் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டு எழுதினார்.

இதை எழுதும்போதே என் கை தயங்குகிறது. பெரிய கணக்கப்பிள்ளையை நான் இத்தனை காலமும் கல்நெஞ்சக்காரர் என்றே சொல்லிவந்திருக்கிறேன். என் பதிலுக்குச் சூழ்நிலையையும், அவருடைய "ஏழு"க்கு அவருடைய குணத்தையும் காரணமாக வைத்திருக்கிறேன். அவருக்கும் ஒரு சூழ்நிலை இருந்தது. மலையில் நிறுத்த கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, போய்ச் சேரும்போது ஈரம் வடிந்து எடை குறையும். இரண்டு கணக்கும் பொருந்தாவிட்டால் துரையின் அறையில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை மட்டும் மன்னித்துக்கொண்டால் அது நியாயமாகாது என்பதும் புரிகிறது.

இப்போது வகுப்பில் கணக்குக் கேள்வி கேட்டால், வாயால் சொல்ல விடாமல் முதலில் துண்டில் எழுத வைக்கிறேன். விடையை இரகசியமாக எழுதவிட்டபோது ஆஷின் ஆட்களும் பெரும்பாலும் தம் கண் கண்டதையே எழுதினார்கள். எழுதிய பிறகு பிள்ளைகள் துணிந்து சொல்கிறார்கள். ஆனால் மடுவத்தில் அன்று எழுதும் வேலை என்னிடம்தான் இருந்தது. பேனாவும் செக்ரோலும் என் கையில்தான் இருந்தன. அரைப்பேர் என்று எழுதியது நான். ஆகவே இந்த முறையும் எதற்கு மருந்து என்று எனக்கு நிச்சயமில்லை.

இத்தனை விளக்கங்களுக்கும் அடியில் நான் எவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது: "தம்பி" என்ற சொல். லயத்தில் நான் பெரியம்மாவுக்குத் தம்பி, மடுவத்தில் ஐயா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் தாமாகவே அப்படி மாற்றிக்கொண்டார், நானும் தடுக்கவில்லை. அன்று சின்னத்துரையின் முன்னால் தம்பி என்று கூப்பிட்டதும் என் முகம் சுட்டது. என்னைப் பிடித்து இழுத்து வரிசையில் தம் பக்கத்தில் நிறுத்திவிட்டதாக உணர்ந்தேன். நான் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று காட்டவே அந்தப் பதிலை அத்தனை விரைவாகச் சொன்னேன். ஐயா என்று கேட்டிருந்தால், தாராள மனம் படைத்த உத்தியோகத்தனாக "எட்டுத்தான்" என்று சொல்லியிருப்பேனோ என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவருடைய வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்தார். முள் எட்டில் நின்றதை நான் பார்த்தேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "எந்த நாளச் சொல்றீங்க தம்பி? அப்படி அரைப்பேர் விழுந்த நாளு எத்தனையோ இருக்கே" என்றார். நான் விடவில்லை. "தம்பின்னு கூப்பிட்டு என்கிட்ட கேட்டீங்களே பெரியம்மா, சின்னத்துரை இருந்தாரே" என்றேன்.

"மடுவத்துலயா?" என்று கேட்டார். "மடுவத்துல நான் ஒங்கள ஐயான்னுதானே கூப்புடுவேன்."

அது உண்மையென்றால், அவர் சொல்லாத ஒரு சொல்லை நானே பிற்பாடு அவர் வாயில் வைத்து, என் பதிலின் பாரத்தில் ஒரு பங்கை அவர்மேல் ஏற்றியிருக்கிறேன். அல்லது எனக்கு நோகக்கூடாதென்று அவர் மறைக்கிறார். எது என்று மறுபடியும் கேட்க நான் வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து இரண்டு பெண்கள் பலகாரத் தட்டோடு வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். நான் கேட்கவில்லை.